காட்டரளி மரத்தின் ஒரு கிளை

என் வீட்டு அலமாரியில் ஓர் அட்டைக் கோப்பு இருக்கிறது. அதற்குள் ஒரே ஒரு தாள். தாளில் ஒட்டியிருப்பது இலையே இல்லாத ஒரு குச்சி. குச்சிக்குப் பக்கத்தில் ஒரு காகித உறை, அந்த உறைக்குள் 31 இலைகள். குச்சியில் இருந்திருக்க வேண்டிய இலைகள் அவை.

பணி ஓய்வுக்குப் பிறகும் சில பள்ளிகளில் அறிவியல் மன்றக் கூட்டங்களுக்கு என்னைக் கூப்பிடுகிறார்கள். போகும்போது இந்தக் கோப்பையும் எடுத்துப் போவேன். ஒவ்வொரு முறையும் ஒரு பிள்ளையாவது கேட்கும்: “டீச்சர், வெறும் குச்சியை ஏன் இவ்வளவு பத்திரமா வெச்சிருக்கீங்க?”

அதற்குப் பதில் சொல்ல அரை மணி நேரமாவது வேண்டும். கியா பார்மிலிருந்து தொடங்க வேண்டும்.

கேமரன் மலைக்கு வந்து போகிறவர்களுக்குக் கியா பார்ம் என்றால் சந்தைதான். பிரிஞ்சாங்கிலிருந்து கம்போங் ராஜா போகிற சாலையில், ஸ்ட்ராபெரி, சோளம், கீரை, தேன் என்று வரிசையாகக் கடைகள். விடுமுறை நாள்களில் கார் நகராது. எங்களுக்கு அது பிறந்த மண். சந்தைக்குக் கீழே உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில்தான் நான் பிறந்தேன். அம்மா கொழுந்து எடுத்தார். அப்பா தொழிற்சாலையில், கொழுந்து வாட்டுகிற மாடியில் வேலை பார்த்தார். கடல் மட்டத்திலிருந்து 1,500 மீட்டருக்கு மேலே இருக்கிற ஊர். எந்தப் பக்கம் பார்த்தாலும் தேயிலை, காய்கறித் தோட்டம், அவற்றுக்கு மேலே காடு.

அந்தக் காட்டின் ஓரத்தில் ஒரு மரம் நின்றது. தோட்டத்துப் பிள்ளைகள் அதைக் ‘காட்டரளி’ என்போம். இலை அப்படியே அரளி இலை மாதிரி நீளமாக, ஒடுங்கி, நடுவில் ஒரே ஒரு நரம்போடு இருக்கும். அரளி விஷம் என்பதால் அந்த மரத்துப் பக்கம் போகக்கூடாது என்று அம்மா மிரட்டி வைத்திருந்தார்.

பல்கலைக்கழகத்தில் தாவரவியல் படித்தபோதுதான் எங்கள் பேச்சுவழக்கு எவ்வளவு சரியானது என்று தெரிந்தது. அந்த வகை மரங்களில் ஒன்றுக்கு விஞ்ஞானிகள் வைத்த பெயர் போடோகார்ப்பஸ் நெரிஃபோலியஸ். ‘நெரியம்’ என்பது அரளியின் தாவரவியல் பெயர். ‘நெரிஃபோலியஸ்’ என்றால் அரளி இலை கொண்டது. ஐரோப்பாவில் காய்ந்த கிளையைப் பார்த்துப் பெயர் வைத்தவர்களுக்கும், கேமரன் மலையில் கவைக்குச்சியோடு சுற்றிய எங்களுக்கும் ஒரே யோசனை வந்திருக்கிறது.

ஊசியில்லாத ஊசியிலை மரம்

இன்னோர் ஆச்சரியமும் அன்றுதான் தெரிந்தது. இந்தக் காட்டரளி ஊசியிலை மரங்களின் கூட்டத்தைச் சேர்ந்தது. பைன், சைப்ரஸ் எல்லாம் இதற்கு உறவு.

ஊசியிலை மரம் என்றதும் நமக்கு ‘கிறிஸ்மஸ் மரம்’தான் ஞாபகம் வருகிறது. பழைய பங்களாக்களைச் சுற்றி நிற்கும் பைன், சைப்ரஸ் எல்லாம் வெளியிலிருந்து கொண்டுவந்து நட்டவை. தீபகற்ப மலேசியாவில் பைன் மரம் இயற்கையாக வளர்வதில்லை. பக்கத்தில் சுமத்ராவில் உண்டு. பூமத்திய ரேகையைத் தாண்டித் தெற்கே தானாக வளரும் ஒரே பைன் இனம் அதுதான்.

இங்கே இந்த மண்ணுக்கே உரிய ஊசியிலை மரங்கள் இரண்டு குடும்பங்களைச் சேர்ந்தவை. ஒன்று, ‘டாமார் மிஞாக்’ என்று மலாயில் சொல்கிற அகாத்திஸ் மரத்தின் குடும்பம். பிசினுக்குப் பேர்போனது. அதில் ஓர் இனம் தாஹான் மலையிலும் அதை ஒட்டிய மலைப் பகுதியிலும் தவிர உலகில் வேறெங்கும் கிடையாது. இன்னொன்று போடோ குடும்பம். சவுக்கு மாதிரி தோன்றுவதால் மலாயில் ‘ரு புக்கிட்’, அதாவது மலைச் சவுக்கு என்று பெயர் வாங்கிய மரம் இதில் உண்டு. ‘போடோ சுச்சூர் ஆத்தாப்’ என்ற மரமும் உண்டு. இளங்கிளையில் அதன் இலை பறவையின் இறகு மாதிரி இருக்கும், முதிர்ந்த கிளையில் மீன் செதில் மாதிரி சின்னதாக ஒட்டிக்கொண்டிருக்கும். இரண்டையும் தனித்தனியாகப் பார்த்தால் ஒரே மரம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

இந்தக் குடும்பத்தில் நமக்கு இன்னொரு உறவும் இருக்கிறது. நகேயா வாலிச்சியானா என்ற அகன்ற இலை மரம் நம் நாட்டு மலைகளிலும் வளர்கிறது, தமிழ்நாட்டையும் கேரளத்தையும் ஒட்டிய மேற்குத் தொடர்ச்சி மலையிலும் வளர்கிறது. தென்னிந்தியாவின் இயற்கையான ஊசியிலை மரம் இது ஒன்றுதான். நம் தாத்தா பாட்டிகள் கப்பலேறி வருவதற்கு எத்தனையோ காலம் முன்பே கடலின் இரு கரையிலும் அந்த மரம் நின்றுகொண்டிருந்தது.

இந்த இரண்டும் ஒரே இனம்தான் என்று எப்படிச் சொல்கிறார்கள்? இரண்டு மரங்களையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பார்க்க முடியாது. ஆனால் இரண்டு கிளைகளை ஒரே மேசையில் வைக்கலாம். அதற்காகத்தான் உலர் தாவரக் காப்பகங்கள் இருக்கின்றன. ஹெர்பேரியம் என்பார்கள். கிளையைப் பூவோடு, காயோடு ஒடித்து, அழுத்தி, உலர்த்தி, தாளில் ஒட்டி, எங்கே, எப்போது, யார் எடுத்தது என்று சீட்டு எழுதி அலமாரியில் வைப்பது. 16-ஆம் நூற்றாண்டில் இத்தாலியில் லூக்கா கினி என்ற பேராசிரியர் தொடங்கி வைத்த பழக்கம் என்று சொல்வார்கள். இன்று உலகம் முழுதும் 3,000-க்கும் மேற்பட்ட காப்பகங்கள் இருக்கின்றன. கெப்போங்கில் உள்ள மலேசிய வன ஆராய்ச்சிக் கழகத்தில் மட்டும் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட தாள்கள். சிங்கப்பூர் தாவரவியல் பூங்காவில் அதைவிடவும் அதிகம். தமிழ்நாட்டில் கோயம்புத்தூரில் இருக்கும் மெட்ராஸ் ஹெர்பேரியம் 1853-இல் தொடங்கியது.

கேமரன் மலைப் பகுதிக்கும் இந்தக் கதையில் பழைய இடம் உண்டு. சிங்கப்பூர் பூங்காவின் இயக்குநராக இருந்த ரிட்லி, தார்ச் சாலையும் தேயிலையும் இங்கே வருவதற்கு முன்பே, 1908-இல் தெலோம் ஆற்றுப் பள்ளத்தாக்குக்கு வந்து செடிகொடிகளைச் சேகரித்துப் போனார்.

முதல் கிளை

1998 ஜூன், பள்ளி விடுமுறை. நான் அப்போது ஓர் இடைநிலைப்பள்ளியில் உயிரியல் ஆசிரியை. அறிவியல் மன்றத்துக்காக உள்ளூர் மரங்களின் சிறு காப்பகம் ஒன்று செய்யலாம் என்று ஆசை. முதல் மரம் எது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

மரம் நின்ற நிலம் ஒரு சீனக் காய்கறி விவசாயியுடையது. அந்தத் தவுக்கேயிடம் மலாயில் கேட்டேன். “ஒரு கிளைதானே, தாராளமாக எடுத்துக்கொள் டீச்சர்” என்றார். எட்டிய கிளையை வெட்டினேன். பழைய ஞாயிறு பத்திரிகைத் தாள்களுக்கு நடுவே வைத்து, மேலே அகராதிகளை அடுக்கி, மூன்று நாளுக்கு ஒரு முறை தாளை மாற்றினேன். பாடப் புத்தகத்தில் அப்படித்தான் போட்டிருந்தது.

எங்கள் ஊரில் ஆண்டுக்கு 2,500 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்யும். துவைத்துப் போட்ட சட்டையே இரண்டு நாள் காயாது. மூன்றாவது வாரம் தாளைப் பிரித்தேன். குச்சி தனியாக, இலைகள் தனியாக. தொட்டால் மிச்சமிருந்த இலையும் கழன்று விழுந்தது. இரண்டு இலைகளில் பூஞ்சணம் வேறு.

அப்பா ஓய்வு பெற்று எங்களோடுதான் இருந்தார். மேசைக்கு வந்து பார்த்தார். ஓர் இலையை எடுத்து நசுக்கி முகர்ந்தார். முப்பது வருடமாகக் கொழுந்தை அப்படித்தான் பார்த்தவர்.

“இது செத்துப் போச்சுன்னு உனக்குத் தெரியுது பாப்பா. அதுக்குத் தெரியலையே” என்றார்.

எனக்குப் புரியவில்லை. அவர் விளக்கினார். “பறிச்ச கொழுந்து உடனே சாகாது. மூச்சு விட்டுக்கிட்டுதான் இருக்கும். சாக்குல அமுக்கிக் கட்டி வெச்சா உள்ளே கையை விட முடியாது, அவ்வளவு சூடு. அதனாலதான் மாடியில பரப்பிக் காத்து விடுறோம். உன் கிளையும் அப்படித்தான். இந்தப் புஸ்தகத்துக்கு அடியில பத்து நாள் உயிரோட கிடந்திருக்கு. தண்ணி வரலைன்னதும் எலையை ஒவ்வொண்ணா உதறிடுச்சு.”

நான் பட்டம் வாங்கிய பாடம் அது. இலை உதிர்வது சாவினால் அல்ல, உயிரோடு இருக்கும் செடி செய்கிற வேலை. காம்பின் அடியில் ஒரு மெல்லிய செல் அடுக்கை உருவாக்கி, இலையைத் தானே வெட்டி விடுகிறது. மெதுவாகச் சாகும் கிளைக்கு அதைச் செய்து முடிக்க நேரம் கிடைத்துவிடுகிறது. ஊசியிலை மரங்களைச் சேகரிக்கிறவர்களுக்கு உலகம் முழுதும் இதுதான் தலைவலி. ஸ்புரூஸ், ஹெம்லாக் போன்ற குளிர்நாட்டு மரங்களின் கிளையைச் சாதாரணமாக உலர்த்தினால் கடைசியில் மொட்டைக் குச்சிதான் மிஞ்சும். தேர்வில் எழுதியிருக்கிறேன். ஆனால் என் மேசையில் அதைக் கண்டுபிடிக்க அப்பா வர வேண்டியிருந்தது.

“அப்போ என்ன செய்யணும்?” என்றேன்.

“வெட்டின கையோட சூட்டுல காட்டிரு. அதுக்கு யோசிக்க நேரம் குடுக்காத.”

சேகரிக்கிறவர்கள் செய்வது என்ன?

பின்னாளில் முறையாகக் கற்றுக்கொண்டபோது அப்பா சொன்னதுதான் சரியென்று தெரிந்தது. இலை உதிர்க்கும் ஊசியிலைக் கிளையைச் சேகரித்த அன்றே கொதிநீரில் சிறிது நேரம் முக்கி எடுக்கிறார்கள். ஒரு நிமிடம் போதும். கிளை உடனே இறந்துவிடும், இலையை உதிர்க்கும் வேலை நடக்காது. பிறகு நீரை உதறி, துடைத்து, அழுத்தத்தில் வைப்பார்கள்.

மழைக்காட்டுக்குள் அடுப்பு மூட்ட முடியாத இடத்தில் வேறு வழி. கிளைகளைப் பத்திரிகைத் தாளில் சுற்றிக் கட்டாக்கி, நெகிழிப் பைக்குள் வைத்து, ஸ்பிரிட் ஊற்றி நனைத்து, காற்றுப் போகாமல் மூடிவிடுவது. ஸ்பிரிட் கிளையையும் கொல்லும், பூஞ்சணத்தையும் தடுக்கும். வாரக்கணக்கில் அப்படியே வைத்திருந்து ஊர் திரும்பியதும் உலர்த்தலாம். ஆப்பிரிக்காவில் அலைந்த ஷ்வைன்ஃபுர்த் என்ற ஜெர்மானியரின் பெயரால் இந்த முறை வழங்குகிறது. நம் நாட்டைப் போன்ற ஈரமான நாடுகளில் இதுதான் கைகொடுக்கிறது.

இரண்டு முறையிலும் ஒரு நட்டம் உண்டு. பச்சை நிறம் பழுப்பாகிவிடும், மரபணுவும் சிதைந்துபோகும். அதனால் கொதிநீரிலோ ஸ்பிரிட்டிலோ போடுவதற்கு முன்பே இரண்டு மூன்று இலைகளைத் தனியாக எடுத்துச் சிலிக்கா ஜெல்லில் உலர்த்திக்கொள்கிறார்கள். ஈரத்தை உறிஞ்சும் அந்தச் சின்ன உருண்டைகளைப் புதுக் காலணிப் பெட்டியில் பார்த்திருப்பீர்கள். இலைகளைப் போட்டு வைக்க எதைப் பயன்படுத்துகிறார்கள் தெரியுமா? காலியான தேநீர்ப் பைகளை. அப்பாவிடம் சொன்னபோது விழுந்து விழுந்து சிரித்தார். “கடைசியில எல்லா எலையும் அதுக்குள்ளதான் போகுது!”

கிளையை மட்டும் எடுத்தால் போதாது. போடோ மரங்களில் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. ஆண் மரத்தில் மகரந்தம் நிறைந்த சிறு கதிர்கள் இருக்கும். பெண் மரத்தில் சதைப்பற்றான காம்பின் மேல் ஒரு விதை உட்கார்ந்திருக்கும். காம்பு பழுத்துச் சிவக்கும், விதையைப் பறவைகள் பரப்பும். இரண்டு வகையிலும் கிளை வேண்டும். இளங்கிளை, முதிர்ந்த கிளை இரண்டும் வேண்டும். பைன் போன்றவற்றின் கூம்புகள் உலர்ந்ததும் செதில் விரிந்து உருவம் மாறும், அகாத்திஸ் கூம்போ பழுத்தால் துண்டு துண்டாகச் சிதறும். அதனால் நூல் சுற்றியோ வலைப்பையில் போட்டோ, கிளையின் எண்ணையே அதற்கும் எழுதி, தனிப் பெட்டியில் வைக்கிறார்கள். பிசின் வடியும் கிளைக்கும் தாளுக்கும் நடுவே மெழுகுத்தாள் வைக்காவிட்டால் பிறகு பிரிக்கவே முடியாது.

எல்லாவற்றையும்விட முக்கியமானது குறிப்புப் புத்தகம். காய்ந்த பிறகு எது தெரியாதோ அதை மரத்தடியிலேயே எழுத வேண்டும். மரத்தின் உயரம், அடிமரச் சுற்றளவு, பட்டையின் நிறம், வெட்டினால் வரும் வாசனை, பழத்தின் நிறம், கடல் மட்டத்திலிருந்து உயரம், சுற்றி நிற்கும் மரங்கள். பேனா கூடாது, ஈயப் பென்சில். ஸ்பிரிட் பட்டால் மை கலைந்துவிடும், பென்சில் எழுத்து கலையாது.

காப்பகத்துக்குப் போன பிறகு மிதமான சூட்டில் இரண்டு மூன்று நாள் உலர்த்தி, உறைகுளிர்ப் பெட்டியில் பல நாள் வைத்துப் பூச்சிகளைக் கொல்கிறார்கள். முற்காலத்தில் பாதரச உப்பைத் தடவினார்கள். அந்தப் பழைய தாள்களைத் தொட்டால் இன்றும் கை கழுவ வேண்டும். பிறகு அமிலமில்லாத தாளில் ஒட்டி, தடித்த தண்டை நூலால் தைத்து, உதிர்ந்ததை எல்லாம் ஓர் உறையில் போட்டு அதே தாளில் ஒட்டிவிடுவார்கள். உதிர்ந்தது என்று எதையும் எறிவதில்லை. என் 31 இலைகளும் அப்படித்தான் உறைக்குள் போயின.

சரிவில் மரம் இல்லை

இன்னொரு கிளை எடுத்துச் சரியாகச் செய்ய வேண்டும் என்றுதான் இருந்தேன். இந்த விடுமுறை, அடுத்த விடுமுறை என்று தள்ளிக்கொண்டே போனது. தேர்வுத் தாள், பிள்ளைகளின் காய்ச்சல், வீடு மாற்றம். மரம் எங்கே ஓடிவிடப் போகிறது என்ற எண்ணம்.

2000-ஆம் ஆண்டு இறுதியில் கொதிநீர்ப் பானை, தேநீர்ப் பை, குறிப்புப் புத்தகம் எல்லாவற்றோடும் போனேன். சரிவு முழுதும் படிக்கட்டாக வெட்டப்பட்டிருந்தது. நெகிழிக் கூரைக்கடியில் சாலட் கீரை வரிசை வரிசையாக வளர்ந்திருந்தது. தவுக்கே ஓடி வந்தார். “நீ முன்பே சொல்லியிருந்தால் அதை விட்டுவைத்திருப்பேனே டீச்சர்” என்றார். அது உபசாரப் பேச்சு இல்லை என்று அவர் முகத்தில் தெரிந்தது. அவருடைய நிலம், அவருடைய பிழைப்பு. சொல்லாமல் விட்டது நான்.

சில ஆண்டுகள் கழித்து அந்தத் தாளை ஒரு தாவர வகைப்பாட்டு நிபுணரிடம் காட்டினேன். சிரிக்காமல் வாங்கிப் பார்த்தார். மூன்றே கேள்வி கேட்டார். ஆண் மரமா, பெண் மரமா? சதைக்காம்பு என்ன நிறம்? எத்தனை மீட்டர் உயரத்தில் நின்றது?

மூன்றுக்கும் என்னிடம் பதில் இல்லை. என் சீட்டில் இருந்தது இவ்வளவுதான்: ‘போடோ, கியா பார்ம், ஜூன் 1998’. பூவோ காயோ இல்லாத கிளையை வைத்து நெரிஃபோலியஸ் என்று உறுதியாகச் சொல்ல முடியாது, நெருங்கிய இனங்கள் இருக்கின்றன என்றார். பிறகு கேட்டார்: “அந்த மரத்தைத் தெரிந்தவர்கள் வேறு யாராவது இருக்கிறார்களா?”

அப்பா இருந்தார். எழுபது வயதைத் தாண்டியிருந்தார். முழங்கால் வலி. ஆனாலும் “நானே வந்து காட்டுறேன்” என்று தடியை எடுத்துக்கொண்டார். தவுக்கேயின் தோட்டத்தில், பழைய தண்ணீர்த் தொட்டியையும் ஓடை வளைவையும் அடையாளமாக வைத்து, கீரைப் பாத்திகளுக்கு நடுவே நடந்தார். ஓரிடத்தில் நின்று தடியை ஊன்றினார். “இங்கதான். அடிமரத்தை நான் ஒருத்தனா கட்டிப் பிடிக்க முடியாது.” நண்பர் ஒருவரிடம் இரவல் வாங்கிய உயரமானியை அங்கே வைத்து அளவு எடுத்தேன்.

“பழம் என்ன நிறம்ப்பா?”

“செவப்பு. உங்க பாட்டிக்குத் தெரியாம நான் தின்னுருக்கேன். இனிப்பா, கொழகொழன்னு இருக்கும். அரளிப் பழம் தின்னு நான் சாகலையேன்னு மூணு நாள் பயந்துக்கிட்டே இருந்தேன்.”

நான் ஆசையோடு ‘பெண் மரம், சிவப்பு’ என்று எழுதப் போனேன். அப்பா கையைப் பிடித்தார்.

“இரு பாப்பா. ஓடைக்கு அந்தப் பக்கமும் இதே மாதிரி ஒண்ணு நின்னுச்சு. நான் தின்னது இதுலயா அதுலயான்னு சத்தியம் பண்ண மாட்டேன்.”

ஒரு நிமிடம் எனக்குக் கோபம்கூட வந்தது. இத்தனை வருடத்துக்குப் பிறகு, எழுதினால் யார் வந்து சரிபார்க்கப் போகிறார்கள்? நிபுணர் சொல்லி அனுப்பியது அப்போதுதான் ஞாபகம் வந்தது. பழைய சீட்டைத் திருத்தக் கூடாது. புதிதாகத் தெரிய வந்ததை வேறு சீட்டில் எழுதி, யார் சொன்னது, எப்போது சொன்னது என்று போட்டு, பக்கத்தில் ஒட்ட வேண்டும். சந்தேகம் இருந்தால் சந்தேகத்தையும் எழுத வேண்டும். பெரிய காப்பகங்களில் ஒரே தாளில் நாலைந்து சீட்டுகள் இருக்கும். ஒருவர் வைத்த பெயரை இன்னொருவர் ஐம்பது வருடம் கழித்து மறுத்திருப்பார். யாரும் யாருடைய சீட்டையும் கிழிப்பதில்லை.

அப்படியே எழுதினேன். இடம், உயரம் உறுதி. அடிமரம், ஒருவர் கட்டிப் பிடிக்க முடியாத அளவு. பழம் சிவப்பு என்பது சிறுவயது நினைவு, இதே மரமா, ஓடைக்கு அப்பாலிருந்த மரமா என்பது உறுதியில்லை. சொன்னவர் என்ற இடத்தில் அப்பாவின் பெயர். அவரே கையெழுத்துப் போட்டார். 2006-இல் அவர் காலமானார்.

சீட்டில் உள்ள பெயர்கள்

பழைய மலாயாத் தாவரங்களைப் பற்றிய நூல்களில், ஒவ்வோர் இனத்துக்கும் கீழே சேகரித்தவர் பெயரும் எண்ணும் பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள். முன்பெல்லாம் அதைத் தாண்டிப் போய்விடுவேன். இப்போது அதைத்தான் முதலில் படிக்கிறேன். ரிட்லி போன்ற வெள்ளைக்காரர்களின் பெயர்களுக்கு நடுவே ஹனிஃப், நூர் என்று தாவரவியல் பூங்காக்களின் உள்ளூர்ப் பணியாளர்கள் வருவார்கள். பிந்திய காலத்துக் கெப்போங் எண்களோடு கொச்சும்மன், சுப்பையா, செல்லையா என்ற பெயர்கள் வரும். மழையில் நனைந்து, அட்டை கடித்து, கிளையை இறக்கி, எண் எழுதிக் கட்டியவர்கள் நம்மவர்களும்தான் என்பதற்கு அந்தப் பொடி எழுத்துகள் சாட்சி.

பெயர் எழுதப்படாதவர்கள் அவர்களைவிட அதிகம். மூட்டை சுமந்தவர்கள், வழி காட்டிய பூர்வக்குடிகள், “அந்த மரம் ஓடைக்குப் பக்கத்தில் இருக்கிறது” என்று சொன்ன தோட்டத்துக்காரர்கள்.

இதைப் படிக்கிறவர்கள் நாளைக்கே கத்தரியோடு பிரிஞ்சாங் மலை உச்சிக்குக் கிளம்பிவிட வேண்டாம். அங்குள்ள பாசிக் காட்டில் ஒரு கிளையும் ஒடிக்கக் கூடாது. வனப்பகுதியில் எதையும் எடுக்க வனத்துறையின் அனுமதி வேண்டும். நான் கேட்பது வேறு. உங்கள் தோட்டத்தில், கம்பத்தில், கோயில் பின்புறத்தில் பெயர் தெரியாத மரம் ஒன்று நின்றால், அதைப் படம் எடுங்கள். எந்த மாதம் பூக்கிறது, காய் என்ன நிறம், பெரியவர்கள் அதை என்ன பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள் என்று தேதி போட்டு எழுதி வையுங்கள். மரமும் இருக்கும்போதே, சொல்கிற ஆளும் இருக்கும்போதே எழுதுங்கள்.

போன ஆண்டு ஒரு தமிழ்ப்பள்ளிக்குப் போயிருந்தேன். வழக்கம்போலத் தாளைக் காட்டி, வழக்கம்போல இலை உதிர்ந்த கதையைச் சொன்னேன். கூட்டம் முடிந்து எல்லாரும் பலகாரத்துக்கு ஓடிவிட்டார்கள். ஐந்தாம் ஆண்டுச் சிறுமி ஒருத்தி மட்டும் பூதக்கண்ணாடியோடு குச்சியின் மேல் குனிந்துகொண்டிருந்தாள். இலை கழன்ற இடத்தில் சின்னச் சின்னத் தழும்பு இருக்கும். அதை விரலால் தொடாமல் எண்ணிக்கொண்டிருந்தாள்.

“டீச்சர், உறைக்குள்ள 31 எலைதானே?”

“ஆமாம்மா.”

“தழும்பு 34 இருக்கு. மிச்சம் மூணு எலை எங்க?”

இருபது வருடத்துக்கு மேலாக அந்தத் தாள் என்னிடம் இருக்கிறது. நான் ஒரு முறையும் எண்ணியதில்லை. பூஞ்சணம் பிடித்ததில் சிலவற்றை எறிந்திருப்பேனோ, காட்டிலேயே விழுந்திருக்குமோ, எனக்குத் தெரியவில்லை. அப்படித்தான் அவளிடம் சொன்னேன்.

வீட்டுக்கு வந்து மூன்றாவது சீட்டு ஒன்று எழுதி ஒட்டினேன். தழும்பு 34, இலை 31. எண்ணியவர் என்ற இடத்தில் அவள் பெயரைப் போட்டு, தேதியும் எழுதினேன். பென்சிலால்தான்.